கிழக்கே திரும்பிய கக்கூஸ்கள்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் மத்தியான பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு இளைஞர்கள். கண்ணாடி போட்டவன் சொன்னான்: "நேத்து ஒரு கக்கூஸதான் மச்சான் திருப்பினேன். ரிசார்ட்டுல கீற அத்தினியும் கிழக்க திரும்பிடுச்சு."

பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

"கம்ப்யூட்டர்ல போடற கட்டடப் படத்துலம்மா," என்றான் நண்பன் அவளிடம். பிறகு கண்ணாடிக்காரனிடம், "இன்னாடா பண்ண?"

"ஆங்கிள எல்லாத்துக்கும் பொதுவா வெச்சுட்டேன். ஒண்ணு திரும்பினா எல்லாம் திரும்புது. ரிசார்ட்டு ஓனரு வாஸ்து பாக்கற ஆளு. கிழக்க பாத்து உக்காரவே கூடாதுன்றாரு. இன்னிக்கு காலைல அந்தப் படத்த பாத்திருந்தா என் வேல காலி."

"அப்புறம்?"

"வூட்டுக்குப் போனப்புறம்தான் தோணுச்சு. விடிஞ்சதும் ஓடி, ஒவ்வொண்ணுக்கும் தனி ஆங்கிள் குடுத்தேன். இப்போ ரூமுக்கு ஏத்தாப்ல சிலது வடக்க, சிலது தெக்க பாத்துகினு கீது. ஓனரு கை குடுத்துட்டுப் போனாரு. அதுக்கப்புறம்தான் மூச்சே வந்துச்சு."

"உன் வூட்ல எந்தப் பக்கம்?"

கண்ணாடிக்காரன் விரலைக் காற்றில் திருப்பித் திருப்பி யோசித்தான்.

"கிழக்கதான் மச்சான். அங்க உக்காந்துகினு இருந்தப்போதான் இந்த ஐடியாவே வந்துச்சு."