தானாக விழுந்த பழம்

டுரியான் பழத்தைப் பறிக்கக் கூடாது, ஐயா. அது தானாக விழும் வரை காத்திருப்பதுதான் அதற்கு நாம் தரும் மரியாதை. எங்கள் பிடாயு இனத்து ஊர்களில் காயை அறுத்தவன் அபராதம் கட்ட வேண்டும்.

எங்கள் பூட்டன் நட்ட மரம் எனக்கும் என் சித்தப்பா மகன் கிடோனுக்கும் பொது. போன பருவத்தில் அவன் கொக்கி போட்டுக் காய்களை இழுத்துக் கூச்சிங் நகர வியாபாரியிடம் தள்ளிவிட்டான். ஊர்த்தலைவர் விதித்த அபராதம் ஒரே ஒரு கோழி. அதை ஊருக்கே சமைத்தார்கள். கிடோனும் வந்து உட்கார்ந்து இரண்டு தொடையையும் எடுத்துக்கொண்டான்.

"அண்ணே, தப்பு பண்ணவனுக்குத்தான் பசி அதிகம். நீ யோக்கியன், சாறு குடி" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் எங்கே உட்கார்ந்து சிரித்தாள் என்றுகூட நினைவில்லை. தண்ணீர்ப் பானைக்கு இடப்பக்கம்.

எனக்கு மரமேறுவது சுலபம். இந்தப் பருவத்தில் மேலே ஏறி, முள்ளும் கனமுமாக, இருப்பதிலேயே பெரிய பழத்தைக் கயிற்றால் கட்டினேன். கயிற்றைக் கிளைக் கவட்டை வழியாகக் கீழே என் குடிசைவரை கொண்டுவந்தேன். கொடிகளுக்கு நடுவே அது யார் கண்ணிலும் படவில்லை. பழம் முற்றிக் காம்பை விட்டுக் கழன்று, கயிற்றில் தொங்கியது. என் கத்தி அதன்மேல் படவே இல்லை.

பழத்துக்கு நேர் கீழே கிடோனுக்கு ஒரு பலகை போட்டுக் கொடுத்தேன்.

"என்னண்ணே, திடீர்னு பாசம் பொங்குது?"

"தரை ஈரமா இருக்கேன்னு போட்டேன்டா."

"ஊர்ல சொன்னா நம்ப மாட்டாங்க. உனக்குள்ளயும் சுளை இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

அன்று மதியம் அவன் அதில் சாய்ந்து, மூங்கிலில் வெந்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தான். நான் கயிற்றை விட்டேன். விட்டேன் என்றுதான் சொல்கிறேன், இழுக்கவில்லை. மேலே சலசலப்புக் கேட்டு அவன் நிமிர்ந்து பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம். முகம் பார்க்கும்படியாக இருந்திருக்கும்.

அவனைக் கொன்றது நான்தான் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கயிறு என் கையில்தான் இருந்தது. ஆனால் காயை அறுத்தவன் என்று எழுதாதீர்கள். அந்தக் கெட்ட பெயர் எனக்கு வேண்டாம்.

விழுகிற பழத்தை முதலில் தொடுகிறவனுக்கே அது சொந்தம் என்பது எங்கள் வழக்கம். முதலில் தொட்டவன் கிடோன். ஆகவே நான் ஒரு சுளைகூட எடுக்கவில்லை. ஆற்றில் நன்றாகக் கழுவி, அவன் மனைவி அக்னெஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதைத் தூக்கி வாசலுக்கு வெளியே எறிந்தாள்.

அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் பழத்தின் அருமை தெரியாது, ஐயா.