வாசனை தெரிகிறதா?

முகக்கவசங்கள் தாடைக்கு இறங்கிவிட்ட சமயம். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பேர். கண்ணாடி போட்டவர் சொன்னார்:

"எனக்குக் கொரோனான்னு எம் பொண்டாட்டியே தெருவுல சொல்லிட்டா மச்சான்."

"வராமயேவா?" என்றார் மற்றவர்.

"ராவெல்லாம் தூக்கமில்ல, சும்மா சும்மா அழுதுகினு இருந்தேன். மனசு டாக்டராண்ட இட்டுகினு போனா. வெளிய தெரிஞ்சா மெண்டல்னுவாங்க, பொண்ணுக்கு மாப்ள கெடைக்காதுன்னா. கொரோனான்னா வரும், போயிடுமாம்."

"அப்பால?"

"தெருக்காரங்க ஹெல்த் ஆபீசுக்கு போன் போட்டுட்டாங்க. ஆளுங்க வந்து வாசல்ல தகரம் அடிச்சிட்டாங்க. எதிர்வூட்டம்மா தகரத்துக்கு மேல கையவுட்டுக் கபசுரக் குடிநீர் குடுத்தாங்க. இன்னா பண்றது, குடிச்சேன்."

"பேஜாருதான். இப்ப எப்டி கீது?"

"மாத்திர போட்டுகினுகீறேன். தூங்கறேன். பாக்கறவங்க எல்லாம் வாசன தெரிதா, வாசன தெரிதான்றாங்க. தெரிதுன்றேன்."

திருக்கழுக்குன்றத்தில் பாதிக் கூட்டம் இறங்கியதும், மற்றவர் முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கும் கொஞ்ச நாளா வாசன தெரில மச்சான். ஒன்ன இட்டுகினு போனாங்களே, அந்த டாக்டரு எங்க கீறாரு?"