நனையாத கால்

நினோஸ்கா: மாட்டேன்னா மாட்டேன். நீங்க போய் கடல்ல ஆடுங்க, நான் பைகளைப் பாத்துக்கறேன்.

சுல்மா: பையை யாருடி திருடப்போறா? நாலு நாள் துவைக்காத சாக்ஸ்தான் இருக்கு அதுல.

ரோமுலோ: விடு சுல்மா. நம்ம எல் ஆல்டோ மலையிலேர்ந்து ரெண்டு லாரி மாறி, எல்லையில ஆறு மணி நேரம் காத்துக்கெடந்து, இந்த மகராணி நேத்து ராத்திரி சிலிக்கு, இந்த அந்தோபகாஸ்தாவுக்கு வந்ததே கல்லுமேல உக்காரத்தான்.

நினோஸ்கா: கடலைப் பாக்கத்தான் வந்தேன். பாத்தாச்சு.

சுல்மா: சரி, எப்படி இருக்கு?

நினோஸ்கா: என்னத்த... பெருசா இருக்கு. நாத்தம் வேற. அப்புறம் இந்த ஊர்ல காத்து ரொம்ப அதிகம். மூச்சு விட்டா தலை சுத்துது.

ரோமுலோ: காத்து அதிகம்னு குறை சொன்ன முதல் ஆள் நீதான். மலை உச்சியில பொறந்து வளர்ந்தா இப்படித்தான்.

நினோஸ்கா: மீன் மார்க்கெட்ல அந்தக் கடல்சிங்கம் என்னைப் பாத்த பார்வை இருக்கே... அப்படியே சிலிக்காரன் திமிரு.

சுல்மா: ஐயோ, கடல்சிங்கத்துக்கு என்னடி நாடு?

நினோஸ்கா: எல்லாத்துக்கும் நாடு இருக்கு. இது நம்ம ஊர்டி. பொலிவியாவோட ஊர். சண்டை போட்டுப் பிடுங்கிக்கிட்டாங்க.

ரோமுலோ: அது நடந்து நூத்தி நாப்பது வருஷம் ஆச்சு தாயே! எல்லையில அந்த ஆபீசர், "முதல் தடவையா வர்றீங்களா"ன்னு மரியாதையாத்தானே கேட்டாரு? இவ என்ன சொன்னா... "முன்னாடி நாங்கதான் இங்க இருந்தோம்." அவ்ளோதான், என் பையைக் கொட்டிக் கவுத்து, மெல்ல வெச்சிருந்த கோக்கா இலை மொத்தத்தையும் எடுத்துக்கிட்டான்.

நினோஸ்கா: மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சுல்மா: நிஜத்தைச் சொல்லு. உங்கப்பாவுக்குப் பயந்துதானே இறங்கமாட்டேங்கறே?

நினோஸ்கா: பயம் இல்ல, வாக்கு. வருஷா வருஷம் மார்ச்சுல கடல் நாள் ஊர்வலத்துல அப்பா வெள்ளை யூனிஃபார்ம் போட்டு, கடலைத் திருப்பிக் குடுன்னு கத்திக்கிட்டே முன்னாடி போவாரு. எனக்கு ஏழு வயசு இருக்கும்போது கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னாரு... கடல் நமக்குத் திரும்பக் கிடைக்கற அன்னிக்கு ரெண்டு பேரும் சேந்து இறங்குவோம், அதுவரைக்கும் நம்ம வீட்டுக் கால் ஒண்ணுகூட அதுல படக்கூடாதுன்னு.

ரோமுலோ: கடற்படை சார்ஜென்ட்! இருபத்தாறு வருஷ சர்வீஸ்! எங்க? டிட்டிகாகா ஏரியில!

நினோஸ்கா: இன்னொரு தடவை சிரிச்சே, வாயில பல்லு இருக்காது. கடலே இல்லாத நாட்டுல கடற்படையைக் கலைக்காம வெச்சிருக்கோமே, அதுதான்டா நம்ம ரோஷம். நாளைக்குக் கடல் வந்தா கப்பலோட்ட ஆள் வேண்டாமா?

சுல்மா: அவ்ளோ ரோஷக்காரர்கிட்ட, உள்நாட்டுல கோச்சபாம்பாவுக்கு எங்க அத்தை வீட்டுக்குப் போறேன்னு ஏன்டி புளுகினே?

நினோஸ்கா: சிலின்னு சொன்னா மனசு உடைஞ்சு போயிடுவாரு. அதான்... நான்தான் இறங்கலையே, அப்புறம் என்ன?

ரோமுலோ: உன் போன் அடிக்குது.

நினோஸ்கா: ஐயோ, அப்பா! எடுக்காதே சுல்மா...

சுல்மா: எடுத்துட்டேன். ஸ்பீக்கர்ல இருக்கு, பேசு.

நினோஸ்கா: பாவி... அப்பா! சொல்லுங்கப்பா.

அப்பா: சாப்டியாம்மா? கோச்சபாம்பா எப்படி இருக்கு?

நினோஸ்கா: நல்லா... நல்ல வெயில்ப்பா.

அப்பா: என்ன சத்தம் அது?

நினோஸ்கா: லாரிப்பா. ரோட்டோரமா நிக்கறோம்.

அப்பா: வந்து வந்து திரும்பிப் போற லாரியா?

நினோஸ்கா: லாரிதான்ப்பா... நிறைய லாரி.

அப்பா: நினோ. எங்கம்மா இருக்கே?

நினோஸ்கா: அந்தோபகாஸ்தா. பொய்தான் சொன்னேன். திட்டறதுன்னா திட்டுங்க. ஆனா வந்ததுக்காக மன்னிப்பு கேக்கமாட்டேன்.

அப்பா: கடற்கரையிலயா நிக்கறே?

நினோஸ்கா: ஆமாப்பா, கரையிலதான்.

அப்பா: மீன் மார்க்கெட் தாண்டி ஒரு சின்ன வளைவு வருமே, அங்கயா இருக்கீங்க?

நினோஸ்கா: ஆமா...

அப்பா: இடது பக்கப் பாறைக்குப் போகாதே. பாசி, வழுக்கும். உங்கம்மா அங்கதான் விழுந்தா.

சுல்மா: யாரு, அம்மாவா?

நினோஸ்கா: அம்மா எப்பப்பா இங்க வந்தாங்க?

அப்பா: கல்யாணம் முடிஞ்ச வாரம். எல்லார்கிட்டயும் சுக்ரே ஊருக்குப் போறோம்னு சொல்லிட்டு... இடுப்பளவு இறங்கினேன். யூனிட்ல தெரிஞ்சா மானம் போயிடும்னு மூடி வெச்சேன். அப்புறம் உன் மூஞ்சியைப் பாத்து சொல்ல வாய் வரல.

ரோமுலோ: சார்ஜென்ட்டே குளிச்சாச்சு!

நினோஸ்கா: நீ வாயை மூடுடா. அப்பா... அப்ப என்கிட்ட வாங்கின வாக்கு? ஊர்வலத்துல கத்தினதெல்லாம்?

அப்பா: அது பொய் இல்லம்மா. இறங்கினப்புறம்தானே எதை விட்டோம்னு தெரிஞ்சுது. அதனாலதான் அவ்ளோ சத்தமா கத்தினேன். கோவம்னா ஊருக்கு வந்து சண்டை போடு. ஆனா எனக்காக நீ கரையிலயே உக்காந்திருக்கக் கூடாது. போ, போய் இறங்கு. அப்பா அனுமதி தர்றேன்.

நினோஸ்கா: உங்க அனுமதி யாருக்குப்பா வேணும்? காலையில இதுங்க ரெண்டும் குறட்டை விட்டுக்கிட்டிருந்தப்பவே கழுத்து வரைக்கும் இறங்கிட்டேன். நம்ம கடல்ல இறங்க நான் எதுக்கு ஒருத்தர்கிட்ட கேக்கணும்?