இளஞ்சிவப்புச் சுழி போட்ட மீன் வில்லை

சலவை ஆலையில் பெரிய இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவரின் மனைவி நான். வயது நாற்பத்தொன்று. ஆலைக்குப் பின்தெருவில் மாடிவீட்டில் கணவரோடும் கல்லூரியில் படிக்கும் மகளோடும் குடியிருக்கிறேன். நேற்று ஆஸ்பத்திரியில் உங்களிடம் சொன்னதை மாற்றிச் சொல்ல நானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

என் கணவருடைய போனிலிருந்து ஒரு பெண்ணுக்கு அடிக்கடி ஒரு படம் போய்க்கொண்டிருந்ததைச் சென்ற மாதம் பார்த்தேன். வெள்ளை வட்டம், நடுவில் இளஞ்சிவப்புச் சுழி. எழுத்தும் கிடையாது, பதிலும் கிடையாது. அந்தப் பெண் அதே ஆலையில் சுவிட்ச் போடுபவள். அவரை வாய்க்கு வாய் அண்ணே என்பாள். அதையும் நான் நம்பவில்லை. அதன் பிறகு மகளிடம் கேட்டதற்கு, "அது ஜப்பான்காரங்க சாப்பிடுற மீன் வில்லைம்மா. மீனை அரைச்சு வேகவச்சு, நறுக்கி நூடுல்ஸ் மேல போடுவாங்க" என்றாள். மீன் வாடை பட்டாலே மூக்கைப் பொத்துகிற மனுஷன் ஊரான் வீட்டுப் பெண்ணுக்கு மீன் அனுப்புவானேன் என்று எனக்கு வயிறு எரிந்தது. அவரிடமே கேட்டேன். "அட, வேலை விஷயம்டி" என்று சிரித்தார். நெருப்பில்லாமல் புகையுமா? அதன் பிறகு நேற்றுக் காலை அவர் குளிக்கப் போயிருந்தபோது அவள் எண்ணை அவர் போனில் பிளாக் செய்துவிட்டு, போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

அதன் பிறகு, இயந்திரத்தின் டிரம்மில் சிக்கிய விரிப்பை எடுக்க அவர் உள்ளே இறங்கியிருந்தபோது அவள் சுவிட்சைப் போட்டுவிட்டதாகவும், அவருக்குத் தோளும் விலாவும் முறிந்ததாகவும் தகவல் வந்து ஓடினேன். "அவதான் வேணும்னே செஞ்சா, ரெண்டு பேருக்கும் தொடர்பு இருந்துச்சு" என்று உங்களிடம் சொன்னது நானேதான். நீங்கள் அவளை வண்டியில் ஏற்றியபோது, "அண்ணன் உள்ள போனா படம் அனுப்புமே, இன்னைக்கு வரவே இல்லையே!" என்று கத்தினாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

அதன் பிறகும் மனசு ஆறாமல் ஆலை மேஸ்திரியைப் பிடித்து விசாரித்தேன். கதவு திறந்திருந்தால் இயந்திரம் ஓடாமல் தடுக்கும் பூட்டு கெட்டு நாளாகிறதாம். அங்கே இருக்கிற இரைச்சலில் கூப்பிட்டால் காதில் விழாது. அந்தச் சுழி டிரம் சுற்றுவது போல இருப்பதால், நான் உள்ளே இருக்கிறேன், தொடாதே என்பதற்கு அவர்கள் அதையே வைத்துக்கொண்டார்களாம். படம் வந்தால், அவர் வெளியே வந்து கையை ஆட்டும்வரை அவள் சுவிட்ச் பக்கமே போகமாட்டாளாம்.

இன்று காலை கண் விழித்தவர் முதலில் கேட்டது, "நான் படத்தைத் தட்டிட்டு, போச்சான்னு பார்க்காமலே இறங்கிட்டேனே, அவளுக்குப் போகலையா?" என்பதுதான். நான் அவர் வாயில் தண்ணீர் விட்டேன்.

அந்தப் பெண்ணை எனக்கு இப்போதும் பிடிக்காது. ஆனால் அவள் மேல் குற்றமில்லை. படம் போகாமல் செய்தது நான். அவர் போனை உங்கள் மேசைமேல் வைத்திருக்கிறேன். நீங்கள் கண்ணால் பார்க்கவேண்டும் என்று பிளாக்கை எடுக்காமல் விட்டிருக்கிறேன். அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். அவருக்கு இது இன்னும் தெரியாது. என்னை எங்கே அனுப்புவதானாலும், அதற்கு முன் நானே போய் அவரிடம் சொல்லிவிட்டு வர விடவேண்டும்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, அவ்வளவும் நிஜம். என்னை யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

(ஒப்பம்)