பல்லுக்கு அடியில்

டாக்டர்: துப்பும்மா... ம். மறுபடியும் ரத்தம்.

அம்மா: அந்த பிரஷ் ரொம்ப முரடு டாக்டர். மெல்லத் தேய்னு நான் அப்பவே...

டாக்டர்: பிரஷ் மேல பழியைப் போடாதீங்க. பதினொரு வயசுப் பிள்ளை ஈறா இது? தொட்டாலே கசியுது. வெளியில எடை பார்த்தீங்களா?

அம்மா: வந்தது பல்லுக்கு. எடை எதுக்கு டாக்டர்?

மகள்: அறுபத்திரெண்டு கிலோ.

அம்மா: ஏய்... மெதுவா! வெளியில ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க.

டாக்டர்: சம்பந்தம் இருக்கும்மா. எடை ஏறிப்போன பிள்ளைங்க சிலருக்கு உடம்புக்குள்ளயே ஒரு வீக்கம் இருந்துக்கிட்டே இருக்கும். பல்லுல கொஞ்சம் அழுக்கு படிஞ்சாலும் போதும், ஈறு பொசுக்குனு வீங்கிடும். இனிப்பும் சேர்ந்தா கேக்கவே வேணாம். வீட்டுல என்ன சாப்பிடுறா?

அம்மா: கோழி கொத்துற மாதிரிதான். எங்க குடும்பமே கொஞ்சம் பூசின உடம்பு...

மகள்: நான் எந்தக் கோழிம்மா?

அம்மா: சும்மா இருடி.

டாக்டர்: வாயை நல்லாத் திற... பின்பல் இடுக்குல என்ன இது? கேக்கா?

அம்மா: அது வந்து டாக்டர்...

மகள்: நான்தான் டாக்டர். ஸ்கூல் கேன்டீன்ல வாங்கித் தின்னேன். அம்மாவுக்குத் தெரியாது.

டாக்டர்: தினமுமா?

மகள்: தினமும். திருட்டுத்தனமா.

அம்மா: போதும்டி... பொய் சொல்றா டாக்டர். என்னைக் காப்பாத்துறா.

டாக்டர்: புரியலையேம்மா.

அம்மா: நான் பேக்கரியில வேலை பாக்குறேன். சாயந்திரம் மிஞ்சினதையெல்லாம் டப்பாவுல கட்டிட்டுப் போறது நான்தான். காலையில இவ எழுந்திரிக்கும்போது நான் வீட்டுல இருக்கிறதில்ல. ஸ்கூல்ல கூப்பிட்டா ஒரு தடவைகூட போனதில்ல... வெறுங்கையோட இவ முன்னாடி போய் நிக்க வெக்கமா இருக்கும் டாக்டர். டப்பாவைத் திறந்தா சிரிப்பா. அந்தச் சிரிப்புக்காக... தின்ன வாயோட தூங்கிடுவா. பல் விளக்குடின்னு எழுப்பக்கூட மனசு வராது. பெத்தவ செய்யுற காரியமா இது?

டாக்டர்: அழாதீங்க... இந்தாங்க, துடைச்சுக்கோங்க. ஏம்மா குட்டி, நாளையிலேர்ந்து அம்மா சும்மா வந்தா கோவிச்சுக்குவியா?

மகள்: எனக்குக் கேக்கே பிடிக்காது டாக்டர். வேணாம்னு சொன்னா அம்மா முகம் சுண்டிப் போயிடும்... அதான் சிரிச்சுக்கிட்டே தின்னேன்.