தம் முடிவைத் தாமே மறுத்த ஹெப்சிபா அம்மையாருக்கு

கதிரொளியைக் கருத்தோடு கற்றவரே! கண்டதைக் கண்டபடி சொல்லும் துணிவு கொண்டவரே! எங்கள் கல்லூரி இயற்பியல் துறையின் தலைவராய் இருந்து இன்று பணிநிறைவு பெறும் முனைவர் ஹெப்சிபா அம்மையீர், வணக்கம்!

இராஜபாளையத்திலிருந்து நாள்தோறும் பேருந்தேறி, ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாலையிலுள்ள நம் கல்லூரிக்கு முதல் ஆளாய் வந்து, ஆய்வகச் சன்னல்களைத் திறந்துவிட்ட பிறகே கையெழுத்திடப் போவீர்கள். தங்கள் பண்புகளை அடுக்கிப் பாராட்டத்தான் கூடினோம். ஆனால் எழுத உட்கார்ந்தபோது எங்கள் எல்லோர் நெஞ்சிலும் ஒரே நிகழ்ச்சிதான் வந்து நின்றது.

சூரிய மின்கலத்தைக் காந்தப்புலத்தில் வைத்தால் கூடுதல் மின்சாரம் தருகிறது என்று தாங்களும் உதவிப் பேராசிரியர் செல்வினும் கண்டபோது, பூரித்துப்போய்க் கல்லூரி வாசலில் பதாகை கட்டினோம். மதுரைக் கருத்தரங்கில் பேச அழைப்பும் வந்தது. செல்வினின் முனைவர் பட்ட ஆய்வு அந்த முடிவையே நம்பி நின்றது.

கருத்தரங்குக்கு முந்திய வாரம், ஒரு நண்பகலில், மின்கலத்தை எடுக்கப்போன தங்கள் விரல் அதன் பின்புறத்தில் பட்டு அப்படியே நின்றது.

"செல்வின், இது ஏன் இப்படிச் சில்லுனு கெடக்கு?"

மின்சாரத்தால் இயங்கும் அந்தக் காந்தம் சூடேறாமலிருக்க அதனுள் ஓடிய தண்ணீர், அருகிலிருந்த மின்கலத்தையும் குளிர்வித்திருந்தது. சூடு குறைந்தால் மின்கலம் கூடுதலாகத் தரும் என்பது எல்லோரும் அறிந்ததே. தண்ணீரை ஓடவிட்டுக் காந்தத்தை மட்டும் நிறுத்திப் பார்த்தீர்கள். மின்சாரம் குறையவேயில்லை.

"மேடம், ஊரே பாராட்டுது. இப்பப் போயி தப்புன்னு சொன்னா நம்ம மானம் என்னாவும்?" என்றார் செல்வின்.

"இத நம்பி இன்னொரு ஊர்ல ஒருத்தர் காந்தத்த வச்சுக்கிட்டு வருசக்கணக்கா ஒக்காந்திருப்பாரே, அவருக்கு என்ன பதில் சொல்ல?" என்றீர்கள்.

மதுரை மேடையில் அந்தத் தவற்றையே உரையாக்கினீர்கள். கைதட்டல் எழவில்லை. பதாகையை நாங்களே அவிழ்த்தோம். செல்வின் பல மாதம் தங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆயினும் ஆய்வகத்துக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை, அவருக்கு இடம் விடுவதைத் தாங்களும் நிறுத்தவில்லை.

"மேடம், கலத்தச் செய்யும்போது ஒருக்கா சூடுபடுத்துறோமே, அப்பவே காந்தப்புலத்துல வச்சா என்ன?" என்று ஒருநாள் அவரே கேட்டார்.

சேர்ந்து செய்தீர்கள். ஆறவைத்து, ஒரே வெப்பநிலையில் மாற்றி மாற்றி அளந்தீர்கள். கிடைத்த ஏற்றம் சிறிது. அதைப் பதாகையில் போட முடியாது. ஆனால் வெளியூர் ஆய்வகம் ஒன்று அதைச் செய்து பார்த்துவிட்டு, "எங்களுக்கும் அதே அளவுதான் வருது" என்று தொலைபேசியில் சொன்னபோது, நாற்காலியில் அமர்ந்து அழுதீர்களே!

"ஒங்க வாழ்க்கையக் கெடுத்துட்டேனோன்னு இம்புட்டு நாளும் பயந்து கெடந்தேன், செல்வின்."

மதுரை மேடையில் தயங்காது பேசிய தாங்கள் எத்தனை அச்சத்தைச் சுமந்து நின்றீர்கள் என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

அன்பு அம்மையீர்! நோயின்றி, நோவின்றி, நல்லுறக்கமும் நல்லுறவும் சூழ நெடுநாள் வாழ்க! நாளை துறைத் தலைவராகும் முனைவர் செல்வினும் நாங்களும் ஒன்றே ஒன்று வேண்டுகிறோம். ஆய்வில் நாங்கள் மகிழ்ந்து குதிக்கும் நாளில் ஒரு நடை வாருங்கள். வந்து, எங்களைச் சந்தேகப்படுங்கள்.

தங்கள் அன்பு மறவா,
இயற்பியல் துறை ஆசிரியர்களும் ஆய்வகப் பணியாளர்களும்