மூன்றாம் வளைவில் ஜாக்கிச் சத்தம்

விடிகாலை மூன்றே முக்கால் மணி. கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலைக்கு ஏறுகிற ரோடு. மேலே ஒரு விளக்கில்லை, கீழே ஒரு விளக்கில்லை... நடுவில் ஒரே ஒரு வெள்ளை அம்பாசிடர் மட்டும் முக்கி முனகிக்கொண்டு ஏறுகிறது.

ஓட்டியவர் தனசேகரன். நம் அஜித்துக்குப் பெரியப்பா. அஜித் அதோ போர்வைக்குள் முழித்துக்கொண்டுதான் இருக்கிறான். நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் அவனே மறுக்கட்டும். கள்ளக்குறிச்சியில் பழைய கார்களின் முன்பக்க வேலைக்கு, அதாவது ஸ்டியரிங், கிங்பின், புஷ் இதற்கெல்லாம், தனசேகரனை விட்டால் ஆளில்லை. ஆனால் அவர் மெக்கானிக், டிரைவர் இல்லை. அந்த வண்டியைத் தொட எந்த டிரைவரும் வரவில்லை. அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு தானே ஓட்டிப் போனார்.

ஏன் வரவில்லை? நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். சொல்லும்போதே எனக்கு வயிறு எரியும்.

வண்டி நாராயணசாமியுடையது. கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். ஐம்பது வருஷத்துக்கு மேலான வண்டி. மாப்பிள்ளை அழைப்புக்கும் போட்டோ எடுக்கவும் வாடகைக்கு விடுவார். முன்பு ஓட்டியவர் சேவியர்ராஜ். டீயைத் தவிர வேறெதையும் வாயில் ஊற்றாத மனுஷன். வாரம் தவறாமல் வண்டியைத் தனசேகரனின் ஷெட்டுக்குக் கொண்டுவந்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கிரீஸ் அடிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்பார்.

அந்த வண்டியில் அதுதான் விஷயம். முன் சக்கரத்தைத் தாங்குகிற கிங்பின்னின் கீழ்முனை ஒரு மரைக்குள் திருகி நிற்கும். சக்கரம் தரையில் இருக்கும்போது வண்டியின் பாரமெல்லாம் அந்த மரையை அழுத்தும், கிரீஸ் உள்ளே போகாது. தூக்கித்தான் அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் மரை தேயும். தேய்ந்தால் ஒருநாள் கழன்றுகொள்ளும். சக்கரம் உள்ளே மடங்கும். அவ்வளவுதான்... பிரேக் இருந்தும் பிரயோசனமில்லை.

போன ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் நாராயணசாமி ஒரு காரியம் செய்தார். போட்டோவில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று வண்டிக்கு அடியிலும் கறுப்பு பெயிண்ட் அடிக்க வைத்தார். அடித்தவன் கிரீஸ் ஏறுகிற நிப்பிள் மேலேயும் சேர்த்து அடித்துவிட்டான். மூக்கில் மண்ணைப் போட்டு அடைத்தது போல அடைத்துக்கொண்டது. இடது பக்கம் ஏதோ ஆடுகிறது என்று சேவியர்ராஜ் இரண்டு முறை சொல்லிவிட்டார். சீசன் முடியட்டும் என்று முதலாளி ஷெட்டுக்கே விடவில்லை.

கடைசியில் ஒருநாள் சாயங்காலம், மறுநாள் மலை ஏற வேண்டிய வண்டி ஷெட்டுக்கு வந்தது. தனசேகரன் கிரீஸ் கன்னை வைத்து அமுக்கினார். ஏறவில்லை. நிப்பிளைக் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, சக்கரத்தைத் தூக்கி அடித்திருக்க வேண்டும். முக்கால் மணி நேர வேலை. நாராயணசாமி போனில் கத்திக்கொண்டே இருந்தார். தனசேகரன் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கை கிரீஸை எடுத்து வெளியே வழவழவென்று பூசிவிட்டார். பார்த்தால் அடித்த மாதிரியே இருக்கும்.

சேவியர்ராஜ் டீ குடித்துவிட்டு வந்து கேட்டார். "தூக்கி அடிச்சியா, தனசேகரு?"

"அடிச்சேண்ணே, எடுத்துக்கினு போங்க."

அந்த மனுஷன் நம்பினார். பத்து வருஷப் பழக்கம், நம்பாமல் இருப்பாரா? மறுநாள் விடிகாலை இந்த மலை ரோட்டில், மூன்றாவது வளைவில், இடது சக்கரம் மடங்கியது. வண்டி சரிவில் இறங்கி ஒரு மரத்தில் மோதி நின்றது. சேவியர்ராஜ் பிழைக்கவில்லை.

அதோடு விட்டார்களா? குடித்துவிட்டு ஓட்டினான் என்று நாராயணசாமி ஊரெல்லாம் சொன்னார். வண்டியில் பாட்டில் கிடந்தது என்றார். போலீஸ் தனசேகரனைக் கேட்டபோது, "வண்டி நல்லாத்தாங்க இருந்திச்சி" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். குடிகாரன் மகள் என்று சொல்லி, சேவியர்ராஜின் மகள் ஜூலியாவுக்குப் பேசி முடித்த சம்பந்தம் கலைந்தது. சேவியர்ராஜின் சம்சாரம் பாக்கியம் ஷெட்டு வாசலில் வந்து நின்றது.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் தம்பி. அவரு குடிக்கல, வண்டிதான் கெட்டுப்போய் இருந்திச்சின்னு ஸ்டேஷன்ல ஒரு வார்த்த சொல்லு. செத்தவரு பேராவது நல்லா இருக்கட்டும்."

"எனக்கு இன்னாக்கா தெரியும்? வூட்டுக்குப் போங்க."

சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தூக்கி எறிந்தாராம். யார் மேல் கோபம்? தன் மேல்தான், வேறு யார் மேல்? ஆனால் அதை ஒத்துக்கொள்கிற நெஞ்சு இல்லை.

வண்டியை மறுபடியும் எழுப்பி நிறுத்தியதும் அவர்தான். புதுக் கிங்பின், புது மரை, புது நிப்பிள். ஒவ்வொன்றையும் சக்கரம் தூக்கி, கிரீஸ் வெளியே பிதுங்கி வழிகிற வரை அடித்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தை பிறந்தது. மலைமேல் ஒரு கல்யாணம். நாராயணசாமி முதல் நாளே மேலே போய்விட்டார். வண்டியைத் தனசேகரனே கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு.

அப்படித்தான் அந்த நேரத்தில் அந்த ரோட்டில்...

முதல் வளைவு. ஒன்றுமில்லை. இரண்டாவது வளைவு. ஸ்டியரிங் கையில் லேசாக உதறியது. தனசேகரன் முதலாளியைத் திட்டினார், பெயிண்ட் அடித்தவனைத் திட்டினார், செத்தவரையும் திட்டினார். மூன்றாவது வளைவில் உதறல் தோள்பட்டை வரை ஏறியது. வண்டியை நிறுத்தினார். பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

புது கிரீஸ் வாசனை. அதோடு... ஈரச் செம்மண் வாசனை. தை மாதம், மழை பெய்து ஒரு மாதம் ஆகிறது.

க்ரிக்... 

டார்ச்சை அடித்தார். யாருமில்லை.

க்ரிக்... க்ரிக்... 

ஜாக்கி ஏற்றுகிற சத்தம். ஜாக்கியோ டிக்கிக்குள் பூட்டிக் கிடக்கிறது, சாவி அவர் இடுப்பில். அவர் பார்க்கப் பார்க்க இடது முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஒரு விரல்... இரண்டு விரல்... ஒரு சாண். அந்தரத்தில் தொங்கி, மெதுவாகச் சுற்றியது. வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல். கோபமே இல்லாத குரல்.

"தூக்கி அடிச்சியா, தனசேகரு?"

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். "செத்தும் ஏண்ணே உசுர வாங்கற? எல்லாம் புச்சா போட்டுக்கீறேனே! இன்னும் இன்னா வேணும்?"

சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடியும் அதே கேள்வி. அதே நிதானம்.

"அடிக்கல!" தொண்டை கிழியக் கத்தினார். "நிப்பிள் அடச்சிக்கினு இருந்திச்சி, மேலால தடவி வுட்டேன்! நீ குடிக்கல, நான்தான் பொய் சொன்னேன்! போதுமா?"

தொப்பென்று சக்கரம் இறங்கியது. அதற்குப் பிறகு ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி திரும்பியது.

சரி, திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்கள். அதுதான் இல்லை! வெயில் வந்தது, பந்தியில் பொங்கல் வந்தது, தைரியமும் வந்துவிட்டது. மலையில் கத்தியது மலையோடு போகட்டும், எவன் கேட்டான் என்று முடிவு கட்டினார். வண்டி எப்படி என்று நாராயணசாமி கேட்டதற்கு, "ஒரு கொறையும் இல்லீங்க" என்று இளித்தார். இப்படிப்பட்டவர்களை அடிக்க எந்தச் செருப்பு போதும், சொல்லுங்கள்?

பதினோரு மணிக்குக் கீழே இறங்கினார்கள். பின் சீட்டில் முதலாளி. அடிவாரத்தில் இருக்கிற ஸ்டேஷனைத் தாண்டும்போது ஒரு பெண் போலீஸ் ஓடிவந்து மறித்தது. அபிநயா என்று சட்டையில் பெயர். ஊருக்குப் புதுசு.

"எங்கங்க போய்ட்டீங்க? எழுதிக் குடுத்துட்டு, இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் இருங்கன்னேனே!"

தனசேகரனுக்குப் புரியவில்லை. அந்தப் பெண் ஒரு காகிதத்தை நீட்டியது. அவருடைய கோணல் கையெழுத்து. கிரீஸ் ஏறாதது, வெளியே பூசியது, முதலாளி அவசரப்படுத்தியது, சேவியர்ராஜ் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதது... ஒன்று விடாமல் இருந்தது.

நாராயணசாமி எட்டிப் படித்தார். முகம் சிவந்துவிட்டது. "இன்னாம்மா கத வுடுற? அஞ்சு மணிக்குள்ள இவன் மல மேல என் எதிர்ல நின்னுக்கினு இருந்தான்!"

"நாலு மணிக்கு என் டேபிள்ல உக்காந்து எழுதினாருங்க. கைரேகையும் வெச்சாரு."

தனசேகரன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டை விரல் முழுக்க நீல மை. அதே கையில்தான் பொங்கல் வாளியை வாங்கினார், அதே கையில்தான் மலையிலிருந்து ஸ்டியரிங் பிடித்து வந்தார். அதுவரை கண்ணில் படவில்லை.

"கை ரொம்ப நடுங்கிச்சி அவருக்கு" என்றது அபிநயா. "கூட வந்தவருதான் மணிக்கட்ட புடிச்சி அமுக்கி வெச்சாரு. நல்ல மனுஷன். உள்ள வந்து உக்காருங்கன்னா, சட்டையெல்லாம் மண்ணா இருக்கும்மான்னு வெளியிலயே நின்னுக்கினாரு. அதோ, இன்னும் வாசல் கேட்டாண்டதான் நிக்கிறாரு பாருங்க."

நாராயணசாமி திரும்பிப் பார்த்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

தனசேகரன் திரும்பவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, நான்தான் எழுதிக் குடுத்தேன்" என்றார். சத்தமாகச் சொன்னார். வாசல் கேட் வரைக்கும் கேட்கிற மாதிரி.